ஆணியில் தொங்கிய நெட் வயர்

நெட் வயர் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் தனசிங் மாட்டிவிட்டுப் போனது போல் தொங்கவில்லை. அவன் மாட்டினால் இரண்டு சுற்று, முனை சுவரைப் பார்த்திருக்கும். இப்போது மூன்று சுற்று, முனை வெளியே நீட்டிக்கொண்டு அவனையே பார்த்தது. சாயர்புரத்தில் தங்கை மகன் கல்யாணத்துக்குப் போய்விட்டு இன்று காலைதான் ரயில் இறங்கி வந்திருந்தான். பையைக்கூட இன்னும் திறக்கவில்லை. பியூலா கொண்டுவந்து வைத்த காப்பி கம்ப்யூட்டர் பக்கத்தில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. மணி பத்தேகால். பன்னிரண்டுக்கு இசையமைப்பாளர் கோமதிநாயகம் வந்து, அவன் குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து மிக்ஸிங் முடித்த பாட்டைக் கேட்டு வாங்கிப் போகப்போகிறார். இந்த நேரத்தில் ஒரு வயரைப் பார்த்துக்கொண்டு நிற்பவனைப் பைத்தியம் என்று சொல்லலாம், சொல்லிக்கொள்ளட்டும். பதினோரு வருஷமாக அந்தக் கம்ப்யூட்டருக்கு வெளியுலகத்தோடு பேச்சுவார்த்தை கிடையாது. சாலிகிராமத்து இரண்டாம் மாடி வீட்டின் இந்தப் பின்னறையில், பஞ்சு பொதிந்த சுவர்களுக்கு நடுவில், அதில் ஓடும் மிக்ஸிங் புரோகிராம் பதினோரு வருஷத்துக்கு முந்தைய வெர்ஷன். நெட்டைக் கொடுத்தால் போதும், புதுசு வந்திருக்கிறது போட்டுக்கொள்ளட்டுமா என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். இப்போதே போடு, பிறகு ஞாபகப்படுத்து, இரண்டே பொத்தான்தான். எப்போதுமே வேண்டாம் என்று மூன்றாவதாக ஒன்று வைக்க அந்தப் புண்ணியவான்களுக்கு மனசு வந்ததில்லை. அதனால்தான் வயரைப் பிடுங்கி ஆணியில் மாட்டியது. பிடுங்கியதை யாரோ செருகியிருக்கிறார்கள். செருகி, வேலையை முடித்து, ஒன்றும் தெரியாதது போல் திரும்ப மாட்டியும் வைத்திருக்கிறார்கள். ஒரு சுற்றில் கோட்டை விட்டுவிட்டார்கள்.

வெறும் வயரை வைத்து மட்டும் அவன் இப்படி நினைக்கவில்லை. வந்ததும் வராததுமாகப் பாட்டைப் போட்டுப் பார்த்தான். எட்டாவது விநாடியில் அந்தப் பெண் மூச்சை இழுத்துப் பாட ஆரம்பிப்பாள். வியாழக்கிழமை அவன் கதவைப் பூட்டிவிட்டு எழும்பூருக்குக் கிளம்பும்போது அந்த மூச்சுக்கே ஒரு பளபளப்பு இருந்தது. தாளத்தட்டு உரசுவது தனியாக மேலே மிதந்தது. இன்றைக்குப் பாட்டு முழுக்க யாரோ ஈரத்துணியைப் போர்த்தியிருந்தார்கள். அவள் பாடுகிறாள், ஆனால் பக்கத்து வீட்டில் இருந்து பாடுகிறாள். ஒரு தரம் கேட்டான், மறுதரம் கேட்டான். சரி, மேல்பக்கத்துக் கூர்மையான ஒலியை, ட்ரெபிளை, கொஞ்சம் ஏற்றுவோம் என்று கை போனது, போன கையை இழுத்துக்கொண்டான். ஏற்றுவது எதற்கு, வியாழக்கிழமை ஏற்றியே வைத்தாயிற்று. அதுபோக இன்னொரு சங்கதி, பாட்டு நின்ற பிறகும் எங்கேயோ ஈ என்று ஒரு மெல்லிய சத்தம். தலைமுடி கனம்கூட இருக்காது. பழைய வெர்ஷனில் இது கிடையாது, அவனுக்குச் சத்தியமாகத் தெரியும். ட்ராக் ட்ராக்காக மூடிப் பார்த்தான், வயலினை மூடினான், புல்லாங்குழலை மூடினான், அவளையும் மூடினான். சத்தம் எதிலும் இல்லை, எல்லாவற்றிலும் இருந்தது. புது வெர்ஷன்காரன் உள்ளே எதையோ கலந்துவிட்டான். ரயிலில் ஏசி பெட்டியில் ராத்திரி முழுக்க இப்படி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது, ரயில்வேக்காரனையும் திட்டிக்கொண்டே வந்தான். கல்யாண வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது, மாப்பிள்ளை அழைப்பில் பேண்டு செட் ஒரு பக்கம், ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் ஒரு பக்கம், அவன் செருப்புப் பக்கத்திலேயே பத்தாயிரம் வாலாவைப் பற்றவைத்த மாப்பிள்ளையின் மைத்துனன் ஒரு பக்கம். மாமா பயந்துட்டாரு என்று சிரிப்பு வேறு. அப்படிப்பட்ட கூட்டத்தில் மூன்று நாள் கிடந்தது போதாதென்று வீட்டுக்கு வந்தால் இங்கே இந்த வேலை.

யார் வந்திருக்க முடியும் என்று யோசிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. புரோகிராமைத் திறக்கக் கட்டைவிரல் நீளத்தில் ஒரு சாவி உண்டு, கம்ப்யூட்டரின் பின்னால் செருகினால்தான் உயிர் வரும். அதை அவன் யாரிடமும் கொடுப்பதில்லை, ஊருக்குப் போகும்போது அறைச் சாவி வளையத்தோடு பியூலாவின் பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவான். அடுக்களையில் அவள் கூட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். போய் நின்று, ஏதோ தண்ணீர் குடிக்க வந்தவன் போல, நான் இல்லாதப்ப யாராவது வந்தாங்களா என்று கேட்டான். "இத்ரீஸ் தம்பி வந்துச்சு. நீங்கதான சொல்லிட்டுப் போனிய, அவன் வந்தா ரூமத் தொறந்துவிடுன்னு" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். இத்ரீஸ் பக்கத்துத் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிறவன், ஆம்பூர்க்காரன், பத்து வருஷமாகச் சகோதரன் மாதிரி. அவனுடைய அறைக்கு மேல் மாடியில் டைல்ஸ் போடுகிறார்கள் என்று ஒரு நாள் இங்கே வந்து வேலை பார்க்கக் கேட்டிருந்தான். "சாவி?" என்றான் தனசிங். "கேட்டுச்சு, குடுத்தேன்." "எந்தச் சாவி?" அவள் இப்போது நிமிர்ந்தாள். "எல்லாம் ஒரே வளையத்துலதான கெடக்கு? எந்தச் சாவின்னு நான் எண்ணிக்கிட்டா இருந்தேன்?" அந்த வயரு, என்று அவன் ஆரம்பித்தான். "அது நான்தான். ஒட்டடை அடிக்கையில எடுத்து வச்சுட்டு மறுபடி மாட்டுனேன். ஒரு வயரு இப்படித் தொங்குனா என்ன, அப்படித் தொங்குனா என்ன? ஊர்லேருந்து வந்து ஒருவாய் சாப்பிடல, வந்து துப்பு துலக்குதிய." அவன் அறைக்குத் திரும்பினான். ஒட்டடையாம். வருஷத்தில் ஒரு தரம் கிறிஸ்மஸுக்கு அடிக்கிற ஒட்டடையை, சரியாக அவன் இல்லாத மூன்று நாளில், சரியாக அந்த ஆணிப் பக்கம். இத்ரீஸ் தம்பி என்றால் அவளுக்கு எப்போதுமே ஒரு தனி மதிப்பு, இவனைத்தான் இளக்காரமாகப் பார்ப்பாள். எல்லாரும் புதுசுக்கு மாறிட்டாங்களாமே, நீங்க மட்டும் ஏன் இப்படி என்று போன மாசம் அவளே கேட்டாள். அவளுக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்?

உட்கார்ந்து, புரோகிராமின் ஓரத்தில் எழுதியிருக்கும் வெர்ஷன் எண்ணைப் பார்த்தான். பழைய எண்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான், பழைய எண்ணேதான். ஆனால் எண்ணை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கடையில் பழைய அரிசி மூட்டையில் புது அரிசியைக் கொட்டித் தைத்தால் மேலே அதே பேர்தான் இருக்கும். ஃபைல்களின் தேதியைப் பார்த்தான், எல்லாம் பதினோரு வருஷத்துக்கு முந்தையவை. தேதியைத் திருத்துவது ஒரு பெரிய வித்தையா? படங்களுக்கு இசை செய்கிற சந்தானகிருஷ்ணனுக்கு நடந்தது இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஒரு படத்தின் பின்னணி இசையை ஒப்படைக்க ஒரு நாள் இருக்கும்போது, சின்ன அப்டேட்தானே என்று பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து திறந்தால் பதினாறு ரீலிலும் சிவப்புச் சிவப்பாகப் பெட்டி. இதைக் காணவில்லை, அதைக் காணவில்லை, இந்த வாத்தியம் இனிமேல் இந்த வெர்ஷனில் வாசிக்காது. செத்துப்போன கம்பெனி ஒன்று விற்ற எதிரொலிக் கருவி, எவனோ ஒருவன் தன் வீட்டிலிருந்து எழுதி வெளியிட்ட தபலா, எல்லாம் போயிற்று. ரீலுக்கு ரீல் மறுபடி செய்தார், அதே நோட்டுகள், அதே அளவுகள். டைரக்டர் கேட்டுவிட்டு, என்னமோ ஒண்ணு மாறியிருக்கே சார் என்றாராம். அதைச் சொல்லும்போது சந்தானகிருஷ்ணன் அழுதார், அறுபது வயசு மனுஷன். அன்றைக்கு ராத்திரியே பாதிப் பேர் வயரைப் பிடுங்கினார்கள். பத்து வருஷம் கழித்து ஒருவன் வந்து, அந்தப் பாட்டில் குரலை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்பான், அன்றைக்குப் பழைய பாட்டு பழையபடி திறக்க வேண்டுமே. புது வெர்ஷன்காரனுக்கு அதைப் பற்றி என்ன? அவனுக்கு மாச வாடகை வந்தால் சரி. இதையெல்லாம் யாராவது ஏன் இன்னும் பழசு என்று கேட்டால் தனசிங் எடுத்து விடுவான், கேட்டவர்களும் தலையாட்டுவார்கள். இதெல்லாம் நிஜம்தான். ஆனால் அவனுடைய காரணம் இதில் எதுவும் இல்லை, அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

போனை எடுத்து இத்ரீஸைக் கூப்பிட்டான். தந்திரமாகக் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் அவன் குரல் கேட்டதும் பறந்துவிட்டது. "என் சிஸ்டத்த என்னடே பண்ணுன?" "அண்ணா, உங்க சிஸ்டத்த நான் ஆன் கூட பண்ணல. என் லேப்டாப்பத்தான் கொண்டாந்தேன். உங்க மைக்ல ஒரு வாய்ஸ் எடுத்தேன், அவ்ளோதான்ணா." பின்ன சாவியை எதுக்கு வாங்குன என்றான் இவன். "ரூம் சாவிண்ணா. அக்கா கொத்தாக் குடுத்தாங்க, கொத்தாத் திருப்பிக் குடுத்தேன்." தயாராக வைத்திருந்த பதில் மாதிரி எவ்வளவு சுத்தமாக வருகிறது. "அண்ணா, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே. போன மாசமும் இதே கேட்டீங்க. அந்த நகைக்கடை விளம்பரம் மிக்ஸ் பண்ணப்போ. யாரோ மாத்திட்டாங்க, சவுண்டு மந்தமா இருக்குன்னு. நான் அப்பவே சொன்னேன், பழசையும் புதுசையும் கழிச்சுப் பாத்துடலாம்ணான்னு. நேரமில்லன்னுட்டீங்க." தனசிங் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். போன மாசமா? கேட்டிருக்கலாம். கேட்டான்தான். அப்போதே இத்ரீஸ் கை வைக்க ஆரம்பித்துவிட்டான் என்றுதானே அதற்கு அர்த்தம்? அந்த விளம்பரத்தை வாங்கிப் போன கோமதிநாயகம் காரிலிருந்தே போன் பண்ணினார். தனசிங், எல்லாம் அருமை, ஆனா காதுல என்னமோ குத்துதுய்யா, கொஞ்சம் குறைக்கலாமா என்றார். அதற்கு முந்தைய பாட்டுக்கும் அதையேதான் சொன்னார். அவருடைய கார் ஸ்பீக்கர் அப்படி, வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். தனசிங்குக்கு எங்கேயும் குத்தவில்லை. போதாமல்தான் இருந்தது.

திறந்திருந்த கதவருகே பியூலா வந்து நின்றாள், கையில் கரண்டி. "மாடிப்படிக்கிட்ட அந்த யூபிஎஸ்ஸு பத்து நிமிஷமாக் கீச்சுக் கீச்சுன்னு கத்திக்கிட்டே கெடக்கு, காதுல விழலியா?" யூபிஎஸ் கதவுக்கு வெளியேதான் இருக்கிறது, நாலடி தூரம். கதவைச் சாத்த மறந்து திறந்தேதான் வைத்திருந்தான். "ஹெட்ஃபோன் போட்டிருந்தேன்" என்றான் தனசிங். அவள் அவன் கழுத்தைப் பார்த்தாள். ஹெட்ஃபோன் மாலை மாதிரி கழுத்தில்தான் கிடந்தது. எவ்வளவு நேரமாக அங்கே கிடக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் போய் யூபிஎஸ்ஸின் கீச்சை நிறுத்திவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள். பேச்சை மாற்றுகிறாள் என்று முதலில் நினைத்தான். வயரைப் பற்றிக் கேட்டோம் இல்லையா, அதனால் யூபிஎஸ்ஸைக் கொண்டுவருகிறாள். எதையாவது எழுப்பிவிட்டால் இவன் அதன் பின்னால் போய்விடுவான் என்று நினைக்கிறாள். ஆனால் அவள் முகத்தில் தந்திரம் எதுவும் இருக்கவில்லை. அவள் கழுத்தைப் பார்த்த பார்வை வேறு. பரீட்சையில் தோற்றுவிட்டு மார்க் ஷீட்டை ஒளிக்கிற பிள்ளையை, தெரிந்தும் கேட்காமல் விடுகிற பார்வை. போன வாரம் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லும்போதும் அப்படித்தான் பார்த்தாள். சீ, என்ன நினைப்பு இது, என்று தன்னையே அதட்டினான். நாற்பத்தேழு வயசு. இந்தக் காதை நம்பித்தானே இருபத்து மூன்று வருஷமாக ஊர் உலகம் பாட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறது. ரெக்கார்டிங்கில் ஃபேன் ஓடினால் பிளேடு வளைந்திருக்கிறது என்று சொல்லுகிற காது. இதில் குறை இருக்காது, மெஷினில்தான் இருக்கும். மெஷினில்தான் இருக்க வேண்டும்.

இன்று விடிகாலையில் விழுப்புரத்தில் ரயில் நின்றிருந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு ரயில். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தவன், வண்டி கிளம்பிவிட்டது என்றுதான் நினைத்தான். அப்புறம்தான் சந்தேகம். நகர்வது நாமா, அதுவா? இரண்டு ரயிலை மட்டும் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது. அவன் எழுந்து எதிர்ப் பக்க ஜன்னலில் பிளாட்பாரத்து விளக்குக் கம்பத்தைப் பார்த்தான், கம்பம் நின்ற இடத்தில் நின்றது, சரி, போவது அந்த வண்டி என்று திரும்ப வந்து உட்கார்ந்தான். இதுதான் அவன் காரணம். சொன்னால் சிரிப்பார்கள். பாட்டுகள் மாறும், ஸ்பீக்கர் தேயும், கோமதிநாயகத்தின் ருசி மாறும், மழை நாளில் அறையே வேறு மாதிரிக் கேட்கும். எல்லாமே நகர்ந்துகொண்டிருக்கும்போது ஒன்றாவது நகராமல் இருக்க வேண்டும். அந்தக் கம்பத்தைத்தான் பதினோரு வருஷமாக ஆணியில் வயரை மாட்டிக் காப்பாற்றிக்கொண்டு வந்தான். அதை யாரோ அசைத்துவிட்டார்கள் என்பதுதான் காலையிலிருந்து அவனைத் தின்றது. அசைத்திருக்கட்டும் என்று இப்போது ஒரு மூலையில் வேண்டிக்கொள்ளவும் தொடங்கியிருந்தான். இத்ரீஸ்தான் செய்தான் என்று ஆகட்டும், ஒரு மாசம் பேசாமல் இருந்துவிட்டு மன்னித்துவிடலாம். கர்த்தரே, அவனாகவே இருக்கட்டும்.

மணி பதினொன்று நாற்பது. சட்டைப்பையில் பென் டிரைவ் இருந்தது. வியாழக்கிழமை கிளம்புமுன் முடித்த பாட்டை அதில் இறக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனவன், சாயர்புரத்தில் குளிக்கும்போதுகூட அதைச் சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அதில் எவனும் கை வைத்திருக்க முடியாது. இப்போது அதே பாட்டை, எதையும் தொடாமல், இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மறுபடி இறக்க வேண்டும். வியாழக்கிழமைப் பாட்டு ஒரு ட்ராக், இன்றைய பாட்டு ஒரு ட்ராக். ஒன்றின் ஒலியலையை மட்டும் தலைகீழாகத் திருப்பிவிட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விட வேண்டும். ஒரு கதவை இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனும் ஒரே பலத்தோடு தள்ளினால் கதவு அசையாது, அதுபோல. இரண்டும் ஒன்றேயென்றால் ஒன்றை ஒன்று தின்று தீர்த்துவிடும், சத்தமே வராது. இம்மி வித்தியாசம் இருந்தாலும் அந்த இம்மி மட்டும் மிஞ்சி நின்று கேட்கும். இதைத்தான் இத்ரீஸ் கழித்துப் பார்ப்பது என்றான். ஐந்து நிமிஷ வேலை. போன மாசம் நேரமில்லை என்று சொன்னதற்கு இந்த ஐந்து நிமிஷம்தான் காரணமா? இறக்கும் கோடு மெதுவாக வலது பக்கம் போய்க்கொண்டிருந்தது. காப்பியை எடுத்து ஆடையோடு குடித்தான், நாக்கில் எதுவும் தெரியவில்லை. முடிந்தது. இரண்டையும் மேலும் கீழுமாக வைத்தான், தலையைத் தலையோடு சேர்த்தான், கீழே இருந்ததைத் திருப்பினான். தட்டினான். கோடு ஓடியது. எட்டாவது விநாடி வந்தது, அவள் மூச்சு இழுக்கவில்லை. பதினாறாவது விநாடி வந்தது, தாளத்தட்டு உரசவில்லை. மீட்டரில் பச்சை விளக்கு ஒன்றுகூட எரியவில்லை, கீழே கிடந்தது கிடந்தபடி கிடந்தது. ஒலியைக் கூட்டினான், இன்னும் கூட்டினான், முழுக்கக் கூட்டினான். நாலு நிமிஷம் இருபது விநாடி அந்தப் பெண் பாடிய பாட்டு முழுக்க ஒன்றுமில்லாமல் ஓடி முடிந்தது. யாரும் எதையும் தொடவில்லை. வியாழக்கிழமைப் பாட்டும் இன்றைய பாட்டும் மயிரிழைகூடப் பிசகாமல் ஒன்று.

ஆனால் அந்த ஒன்றுமில்லாததற்குள் ஈ என்ற சத்தம் இருந்தது. மீட்டரைப் பார்த்தான், இல்லை. காதில், இருந்தது. எழுந்து போய்ச் சுவரில் ஸ்பீக்கருக்கான சுவிட்சை அணைத்தான். இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்தான், அதன் காற்றாடி ஓய்ந்தது, இருந்தது. இரண்டு விரலையும் காதுக்குள் விட்டு அழுத்திக்கொண்டு பஞ்சுச் சுவரைப் பார்த்து நின்றான். அப்போது இன்னும் தெளிவாக இருந்தது. அவனுக்கு இத்ரீஸ் மேல் கோபம் வந்தது, நீ தொட்டிருக்கக்கூடாதா என்று. எல்லாரையும் போல வருஷத்துக்கு ஒரு தரம் புது வெர்ஷனுக்கு மாறியிருந்தால், பழி போட ஓர் இடமாவது இருந்திருக்கும். முன்னே மாதிரி இல்லய்யா இந்தப் புதுசு என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டே இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருக்கலாம், கூட நின்றவர்களும் ஆமாம் என்றிருப்பார்கள். நகராத ஒன்றை வைத்துக்கொண்டது எவ்வளவு பெரிய மடத்தனம். நகர்ந்தது யார் என்று அது சொல்லிவிட்டதே. நாற்காலியில் உட்கார்ந்தான். பயமாக இருந்தது, சின்ன வயசில் ஆற்றில் கால் நிலைக்காமல் போனபோது இருந்தது போல. கீழே தெருவில் கோமதிநாயகத்தின் கார் வந்து நிற்பது பியூலாவுக்குக் கேட்டிருக்க வேண்டும், அவர் வந்துட்டாரு என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். அவள் குரல் அவனுக்குக் கேட்டது. அதுவரை நல்லதுதான்.

போனை எடுத்து இத்ரீஸைக் கூப்பிட்டான். "டே, இப்ப ஒரு பத்து நிமிஷம் வந்துட்டுப் போக முடியுமா?" அவன் உடனே கேட்டான், "என்னாச்சுண்ணா?" தனசிங் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்தான். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவில் சுண்ணாம்பால் குறிபோட்டு வைத்திருக்கும் நாற்காலி, பதினோரு வருஷத்தில் அதில் வேறு யாரையும் அவன் உட்கார விட்டதில்லை. "கோமதிநாயகம் சார் வந்திருக்காரு. நீ வந்து என் சேர்ல உக்காந்து பாட்ட ஒரு தடவ கேட்டுச் சொல்லு. மேல எங்க குத்துதுன்னு சொல்லு, குறைச்சுருவோம்." இத்ரீஸ் தயங்கினான். "கழிச்சுப் பாத்தீங்களாண்ணா? மாறிடுச்சா சிஸ்டம்?" மாடிப்படியில் கோமதிநாயகம் ஏறி வரும் சத்தம் தொம்தொம் என்று நன்றாகவே கேட்டது. தனசிங் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"இல்லடே, அது மாறல" என்றான். "அது அப்படியேதான் இருக்கு. நீ வா."